சோற்றுக்கு ஒரு போட்டோ

அட்டன் டவுனில் பக்கீரிடம் போட்டோ எடுத்துக்கொண்டு அழகாகாதவர்கள் யாரும் இல்லை. கறுத்தவர்கள் சிவந்தார்கள், ஒட்டிய கன்னம் உப்பியது, கண்ணுக்குக் கீழே கிடந்த கருவளையம் போன இடம் தெரியவில்லை. படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டு நேரில் வந்த மாப்பிள்ளை வீட்டார், தேத்தண்ணி கொண்டுவந்த பெண்ணிடமே, “பொண்ண வரச் சொல்லும்மா” என்று சொன்ன கதையெல்லாம் உண்டு. அதை யாராவது எடுத்துச் சொன்னால் பக்கீருக்குக் கோபம் வராது. மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

இத்தனைக்கும் அவர் செய்தது பெரிய மந்திரமில்லை. முகத்துக்கு நேரே இரண்டு பெரிய பல்புகளைப் போடுவார். நேரே விழுகிற வெளிச்சத்தில் மேடு பள்ளம் தெரியாது. முகம் வழித்த தோசை மாவு மாதிரி சமமாகிவிடும். பளபளப்பு இருந்தால் பவுடர். அதையும் மீறி ஒரு பருவோ தழும்போ நின்றால், நெகட்டிவைச் சாய்பலகையில் வைத்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு அடைத்துவிடுவார். படத்தில் கறுப்பாக விழப்போகிற புள்ளி, நெகட்டிவில் வெளுத்த ஓட்டையாகத் தெரியும். அந்த ஓட்டையை அடைத்தால் படத்தில் புள்ளி இருக்காது. இதற்கு டச்சிங் என்று பெயர். பதினைந்து வருஷப் பழக்கத்தில் பக்கீரின் வாய் வியாபாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே கை தன்பாட்டில் டச்சிங் செய்துகொண்டிருக்கும்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான், 1960ஆம் வருஷம் ஆடி மாதத்து மழையில் நனைந்துகொண்டு, கொஞ்சம் அரிசியையும் கொஞ்சம் சோற்றையும் போட்டோ எடுக்க வேண்டும் என்று இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

ஒருவர் திம்புள்ளப் பக்கம் கூப்புமலைத் தோட்டத்தின் சங்கத் தலைவர் வீரய்யா. மற்றவள் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அம்மாக்கண்ணு. தலையில் போட்டிருந்த கம்பளியை உதறி வாசலில் வைத்துவிட்டு, கையிலிருந்த துணிப்பொட்டலத்தையும் தூக்குவாளியையும் மேசைமேல் வைத்தாள். பொட்டலத்தில் அரிசி, வாளியில் அதே அரிசியில் ஆக்கிய சோறு.

“சோத்தையா?” என்றார் பக்கீர். “தலைவரே, நான் செத்த மையித்தக்கூட எடுத்திருக்கேன். சோத்த எடுத்ததில்லையே.”

“மொதல்ல தொறந்து பாருங்க நானா” என்றார் வீரய்யா.

பக்கீர் பொட்டலத்தைப் பிரித்தார். அரிசி அசைந்தது. கறுத்த வண்டுகள் வெளிச்சத்தைக் கண்டு மூலைக்கு மூலை ஓடின. நூல் கட்டிய அரிசிக் கட்டிகளுக்குள் வெள்ளைப் புழு நெளிந்தது. அவர் மூடிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கதையை வீரய்யா சொன்னார். தோட்டத்தில் ஆட்களுக்கு அரிசி அளந்து போடுகிற போன அரிசி நாளில் கூப்புமலையில் போட்ட அரிசி இதுதான். வாங்கின எல்லோரும் முணுமுணுத்தார்கள். அம்மாக்கண்ணுவுக்கு மட்டும் முணுமுணுக்கத் தெரியவில்லை. நேரே ஸ்டோருக்குப் போய், அரிசிக்குப் பொறுப்பாக இருந்த செல்லசாமி கணக்கப்பிள்ளையின் மேசைமேல் பாதி அரிசியைக் கொட்டிவிட்டாள். “நீங்க ஆக்கித் தின்னுட்டுச் சொல்லுங்க. அப்பறம் எம்புள்ளைகளுக்குக் குடுக்கிறேன்” என்றும் சொல்லிவிட்டாள். கணக்கப்பிள்ளை அசரவில்லை. அவளையே கீழே குனிய வைத்து, மேசையிலிருந்து சிந்தின அரிசிவரை அள்ள வைத்து, “ஒன் பேர்ல எழுதியாச்சு, கொண்டுபோ” என்று அனுப்பினார். மறுநாள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து வேலையை விட்டு நிறுத்தினார்கள். நல்ல அரிசியைப் பழுதென்று சொல்லிக் கலகம் செய்தாள் என்பது குற்றம்.

வேலை போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். அவள் புருஷன் அழகனுக்கு மலையில் உருண்ட கல் காலில் விழுந்ததிலிருந்து வேலை கிடையாது. இரண்டு பிள்ளைகள். காம்பரா அவள் பேரில்தான் இருந்தது.

“சங்கத்துல எழுதிப் போட்டுக் கவர்மெண்டுத் தொழில் கந்தோர்ல வெசாரணை வச்சிருக்காங்க” என்றார் வீரய்யா. “ஆனா அதுக்கு இன்னம் ஒரு மாசம் இருக்கு. ஒரு மாசம் வச்சிருந்தா நல்ல அரிசியிலயும்தான் வண்டு விழும். ‘நீங்களே வச்சிருந்து புழுக்க வச்சீங்க’ன்னு சொன்னா வாயடைச்சுப் போயிரும். அதான், இன்னைக்கே, இன்னைக்கிப் பேப்பர தேதி தெரியப் பக்கத்துல வச்சு எடுத்துப்புடணும்.”

“இதுல கோளாறு வந்தா எனக்கு எடமில்லங்க நானா” என்றாள் அம்மாக்கண்ணு. அவ்வளவுதான் சொன்னாள்.

பக்கீருக்கு நெஞ்சு இளகிவிட்டது. இளகினால் அவருக்கு எல்லாவற்றையும் நன்றாகச் செய்ய வேண்டும். உள்ளே போய், பெருநாளைக்கு மட்டும் எடுக்கிற பீங்கான் தட்டை அசீசாவிடம் கேட்டு வாங்கிவந்தார். அசீசா அவர் மனைவி. தட்டு எதற்கென்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தாள். சோற்றை அதில் குவித்து, ஓரத்தை விரலால் ஒதுக்கிச் சுத்தமாக்கினார். பின்னால் நீலத் திரை. முன்னால் இரண்டு பல்பும் நேருக்கு நேர். ஈரச் சோறு பளபளத்தது. கை பவுடர் டப்பாவை நோக்கிப் போனதை அவரே பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டார். பேப்பரை மடித்துப் பக்கத்தில் வைத்து, அரிசியை ஒன்றும் சோற்றை ஒன்றுமாக இரண்டு படம் எடுத்தார்.

“பிரமாதமா வரும், கவலப்படாதீங்க” என்றார்.

பிரமாதமாகத்தான் வந்தது. அதுதான் வினை.

மறுநாள் பின்னேரம் நெகட்டிவ் காய்ந்திருந்தது. நானுஓயாவிலிருந்து ஒரு கலியாண வீட்டார் வந்து உட்கார்ந்து, மாப்பிள்ளையின் தொப்பியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதுவரை பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கீர் அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே சாய்பலகையில் குனிந்திருந்தார். வெளுத்த சிறு ஓட்டைகள் கண்ணில் பட்டன. பென்சில் தொட்டது. ஒன்று, இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று. ‘என்ன இது, முகம் பூரா அம்மைத் தழும்பா’ என்றுகூட ஒரு நினைப்பு ஓடி மறைந்தது. கலியாண வீட்டார் முற்பணம் கொடுத்துவிட்டு எழும்பியபோது வேலையும் முடிந்திருந்தது.

இருட்டறையில் படம் மருந்துத் தண்ணீருக்குள் மெல்ல ஏறி வந்தது. தட்டு வந்தது, சோறு வந்தது. மல்லிகையைக் குவித்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. பக்கீர் ஒரு கணம் தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டார். அசீசா எட்டிப்பார்த்தாள்.

“இது எந்தக் கலியாணத்துச் சோறு?” என்றாள்.

பக்கீர் அரிசிப் படத்தை ஓடிப்போய்ப் பார்த்தார். அதிலும் பூச்சி இல்லை. எல்லாவற்றையும் அவரே பார்த்துப் பார்த்து எடுத்துப் போட்டிருந்தார். பென்சிலைத் துடைத்து அழிக்கலாம் என்று டர்ப்பன்டைன் போத்தலைத் தேடினார். பஞ்சில் நனைத்துத் துடைத்தார், பென்சில் போயிற்று. திரும்பவும் படம் போட்டுப் பார்த்தால், வண்டுகள் வந்தன, ஆனால் நேர் வெளிச்சத்தில் தட்டையாகப் பட்டு, சோற்றின்மேல் தூவிய சீரகம் மாதிரி கிடந்தன. இன்னும் பசியைக் கிளப்பியது படம்.

“அந்த அரிசி எங்க?” என்று கத்தினார்.

“அந்தக் கழிசடையயா? கோழிக்குப் போட்டுட்டேன்” என்றாள் அசீசா. “அதுகளும் யோசிச்சு யோசிச்சுத்தான் தின்னிச்சு.”

வீரய்யாவும் அம்மாக்கண்ணுவும் படம் வாங்க வந்தபோது பக்கீர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழும்பவில்லை. படத்தை நீட்டினார். வீரய்யா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார், திரும்பக் கொண்டுவந்து பார்த்தார்.

“இத தொரைகிட்ட குடுத்தா பிரேம் போட்டு பங்களாவுல மாட்டிக்குவாரு” என்றார். அவர் குரலில் கேலி இல்லை.

“கைப்பழக்கம் தலைவரே” என்றார் பக்கீர். “வேணும்னு செய்யல.”

அம்மாக்கண்ணு படத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள். “இப்பிடி ஒரு சோறு கெடச்சா நான் ஏங்க சண்டைக்குப் போறேன்?” என்றாள்.

திருப்பி எடுக்க அந்த அரிசி வேண்டும், அரிசியோ கோழி வயிற்றில். தோட்டத்தில் அதற்குப் பிறகு போட்ட அரிசி நல்ல அரிசி. விசாரணை என்றதும் சுதாரித்துக்கொண்டார்கள். இதையெல்லாம் வீரய்யா சொல்லிக்கொண்டு போக, பக்கீர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பழைய அரிசி கொஞ்சமாவது கெடந்தா…” என்று இழுத்தார்.

“இருக்குங்க” என்றாள் அம்மாக்கண்ணு. “புது அரிசி எனக்குப் போடலயே. பேர வெட்டிட்டாங்கல்ல. அன்னைக்கி அள்ளிக்கிட்டு வந்ததத்தான் பொறுக்கிப் பொறுக்கி ஆக்கித் தின்னுக்கிட்டு இருக்கோம்.”

அவள் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். பக்கீர் கூசிப்போனார். தன் கோழி யோசித்துத் தின்றதை இரண்டு பிள்ளைகள் தினம் தின்கிறார்கள். அதை அவர் மல்லிகைப் பூவாக்கி நீட்டியிருக்கிறார். ஆயுசில் முதல்தடவையாகத் தன் பென்சில்மீது அவருக்கு வெறுப்பு வந்தது.

“நாளைக்கி நானே வாறேன்” என்றார். “பொறுக்காம ஆக்கி வையி தங்கச்சி. ஒரு வேளைக்கி.”

மறுநாள் கெமராப் பெட்டியும் மூன்றுகால் ஸ்டாண்டும் மூன்று பிலிமுமாகப் பஸ் ஏறினார். பல்புகளை எடுத்துப் போக வழியில்லை. லயத்தில் மின்சாரம் ஏது? பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கியதிலிருந்தே அந்தக் கவலைதான். அம்மாக்கண்ணுவின் காம்பராவுக்கு வந்து சேர்ந்ததும் கவலை பயமாக மாறியது. ஜன்னல் இல்லாத அறை. அடுப்புப் புகை சுவரை எல்லாம் கறுப்பாக்கியிருந்தது. உள்ளே வெளிச்சம் வருவதற்கு இருந்தது ஒரே ஒரு வழி, வாசல். வெளியே மழை விட்டு, மலைக்கு மேலே வெள்ளைவெளேரென்று மேகம் மூடியிருந்தது.

அழகன் ஒரு மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அம்மாக்கண்ணு வாசல் நிலைக்குப் பக்கத்தில், வாசலுக்குப் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்து, அடுத்த வேளைக்குச் சொளகில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கீர் கெமராப் பெட்டியை இறக்கி வைக்க மறந்து அதைப் பார்த்தார். வாசல் வெளிச்சம் ஒரு பக்கமாக மட்டும் வந்து, சொளகின்மேல் படுத்துக்கொண்டு ஓடியது. ஒவ்வொரு அரிசிக்கும் மறுபக்கத்தில் ஒரு குட்டி நிழல். வண்டுக்கு முதுகு இருந்தது, கால் இருந்தது, அதற்கும் நிழல் இருந்தது. இருந்த இடத்திலிருந்தே எண்ணலாம் போலிருந்தது.

“அசையாத தங்கச்சி” என்றார். “இல்ல, நீ அசையலாம். சொளக மட்டும் அங்கனயே வையி.”

சோற்றைத் தட்டில் போடச் சொன்னார். நீலக்கரை போட்ட எனாமல் தட்டு. ஒரு பக்கம் கரை உடைந்து கறுப்பாக இருந்தது. அதை வாசலுக்கு உள்ளே ஒரு முழம் தள்ளி வைத்தார். பேப்பரை அழகனிடம் கொடுத்து வைத்துவிட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். நிழல்கள் அவருக்குப் பழக்கமில்லாதவை, உறுத்தின. பழக்க தோஷத்தில், “அந்த வெள்ள வேட்டிய எதிர்ப்பக்கமா விரிச்சுப் புடி” என்றார். அம்மாக்கண்ணு பிடித்தாள். வாசல் வெளிச்சம் வேட்டியில் பட்டுத் திரும்பி நிழலையெல்லாம் நிரப்பியது. சோறு உடனே முகம் தெளிந்து அழகாகிவிட்டது. வண்டுகள் பருக்கைகளுக்குள் ஒளிந்துகொண்டன.

“எடு, எடு! வேட்டிய எடுத்திரு!” என்று துணிக்குள்ளிருந்தே கத்தினார்.

வேட்டி போனதும் எல்லாம் திரும்பி வந்தன. தட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்த்தினார். வெளிச்சம் இன்னும் தாழ்வாகச் சாய்ந்து விழுந்தது. வெந்து விறைத்த புழு ஒன்று பருக்கைகளுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு கிடந்தது தெரிந்தது. வெளிச்சம் குறைவு, ஷட்டரை நீட்டித் திறந்து வைக்க வேண்டும். மனிதர்கள் என்றால் ஆடிவிடுவார்கள். வெந்த வண்டுக்கு அந்தக் கவலை இல்லை. மனசுக்குள் எண்ணி, மூடினார். ஒரு படம் ஆயிற்று. பிறகு அசைகிற வண்டு அசையட்டும் என்று சொளகையும் ஒன்று எடுத்தார். ஒரு பிலிம் மிச்சம்.

சோற்றோடு பேப்பரையும் வைத்து இன்னொன்று எடுக்கலாம் என்று துணிக்குள் போனபோது எல்லாம் இருண்டது. வாசலை அடைத்துக்கொண்டு ஆள் நின்றது. செல்லசாமி கணக்கப்பிள்ளை.

“யாரக் கேட்டு லயத்துக்குள்ள வந்தீங்க நானா?”

தோட்டத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தவரைப் பிடித்துக் கொடுக்கலாம், பெட்டியையும் பறிக்கலாம். எடுத்த இரண்டு படமும் பெட்டிக்குள் இருந்தன.

“குடும்பப் படம் ஒன்னு கேட்டாங்க ஐயா” என்றார். “லயத்த விட்டுப் போனாலும் போவாங்கன்னு…”

செல்லசாமியின் முகம் தெளிந்தது. “போகப்போறதுகதான. எடுத்துக்கிட்டுப் போகட்டும்” என்றார். அம்மாக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

செல்லசாமி போய்விடுவார் என்று பக்கீர் நினைத்தார். அவர் போகவில்லை. கெமராவைப் பார்த்தார். தன் கன்னத்தைத் தடவினார். கன்னம் இரண்டிலும் அம்மைத் தழும்பு, கொத்திப்போட்ட அம்மிக்கல் மாதிரி. நாவலப்பிட்டியில் அவருக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண் வீட்டார் படம் கேட்டு ஆள்விட்டிருந்தார்கள். இந்தச் சங்கதி அட்டன் வரைக்கும் வந்திருந்தது.

“நம்மளையும் ஒன்னு எடுக்கலாமா நானா? அதான், தொர பேக்டரிக்கு முன்னால நின்னு எடுத்துக்குவாருல்ல, ஆளுகள கீழ ஒக்கார வச்சு. அந்த மாதிரி.”

“எடுக்கலாமே” என்றது பக்கீரின் வாய். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது மனசுக்குப் புரிந்தது. மிச்சமிருந்த ஒரு பிலிமைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பின்சுவரோரம் செல்லசாமியை நிறுத்தினார். அவர் காலடியில் அழகனும் பிள்ளைகளும். அம்மாக்கண்ணு நகரவில்லை.

“எம்வீட்டுக்குள்ள, எந்தலைக்கு மேல, இந்தாளு நிக்கிறதுக்கா ஒங்கள வரச் சொன்னேன்?” என்று பல்லுக்குள் கேட்டாள்.

பக்கீர் ஸ்டாண்டைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தார். “நான் சொல்ற எடத்துல ஒக்காரு தங்கச்சி. இந்தவாட்டி ஒன்னையும் அழிக்க மாட்டேன்.”

அவள் அவரை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

“அந்தத் தட்டு எதுக்கு முன்னால?” என்றார் செல்லசாமி.

“தட்டில்லாட்டி பட்டினி கெடக்கிற சனம் மாதிரி இருக்கும்ங்க. நீங்க நிக்கிற படத்துல சோறு தெரியணும்ல?”

செல்லசாமி யோசித்தார். “அதுவும் சரிதான்” என்றார். காலாலேயே தட்டை இன்னும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிவிட்டார். “அதுல கெடக்கிறதெல்லாம் படத்துல விழாதுல்ல?”

“எல்லாரும் என்னயப் பத்தி என்ன சொல்றாங்க ஐயா?”

“வெள்ளையாக்கிக் குடுத்துருவீங்கன்னுதான் சொல்றாங்க” என்று சிரித்தார் செல்லசாமி. அந்தச் சிரிப்பிலேயே அழகன் கையிலிருந்த பேப்பரையும் கண்டுவிட்டார். “அத இப்பிடிக் குடு. கையில பேப்பர் இருந்தா படிச்ச ஆளு மாதிரி இருக்கும்.” பேப்பரை விரித்து, தலைப்பு வெளியே தெரிய நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். “மூஞ்சிய மட்டும் பாத்து முடிச்சுக் குடுத்துருங்க நானா. பொண்ணு வீட்டுக்குப் போற படம்.”

“மொகத்துல ஒரு புள்ளி இருக்காது” என்றார் பக்கீர். வாசல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்து, செல்லசாமியின் கன்னத்துப் பள்ளங்களையும் தட்டிலிருந்த வண்டுகளையும் ஒரே மாதிரி எடுத்துக்காட்டியது. ஷட்டர் மூடியது.

அன்றைக்கு ஸ்டூடியோவில் பக்கீர் கடை வாசலை அடைத்து, அசீசாவைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு டச்சிங் செய்தார். வாக்குக் கொடுத்துவிட்டார் அல்லவா? செல்லசாமியின் கன்னத்துக் குழிகள் அத்தனையையும் பொறுமையாக அடைத்தார். கை கன்னத்தைத் தாண்டிக் கீழே இறங்கப் பார்த்தபோதெல்லாம் அசீசா தொண்டையைச் செருமினாள்.

விசாரணை நாளன்று தொழில் கந்தோரில் பக்கீரையும் கூப்பிட்டார்கள். விசாரித்தவர் தமிழ் தெரிந்த சிங்களவர், மூக்குக் கண்ணாடி போட்டவர். தோட்டத்துப் பக்கம் பேச ஒரு கோட்டுக்காரர் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் சாட்சியாகச் செல்லசாமி உட்கார்ந்திருந்தார். அரிசி நல்ல அரிசி என்று காலையிலேயே சொல்லி முடித்திருந்தார். அம்மாக்கண்ணு முந்தானையை இறுகச் சுற்றிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் வீரய்யா.

சொளகுப் படம் வண்டு ஓடிக் கலங்கிப்போயிருந்ததால், முதலில் தட்டுப் படத்தைக் கொடுத்தார்கள். விசாரணை அதிகாரி பார்த்தார். பார்த்துவிட்டு மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளினார், பக்கத்தில் வைத்திருக்கப் பிடிக்காத மாதிரி. கோட்டுக்காரர் அதை எடுத்துச் சிரித்தார். இது எந்த வீட்டுத் தட்டோ, எங்கே எடுத்ததோ, யாருக்குத் தெரியும் என்றார். அதுமட்டுமா, இந்தப் போட்டோக்காரர் இல்லாததை இருப்பதாகவும் இருப்பதை இல்லாததாகவும் காட்டுவதில் பேர்போனவர். இந்தப் பூச்சிகளெல்லாம் இவர் பென்சில் பெற்ற பிள்ளைகள் என்றார்.

சொன்னதில் பாதி உண்மை.

“நீங்க இந்தப் படத்துல கை வெச்சதா?” என்று கேட்டார் அதிகாரி.

பக்கீர் அம்மாக்கண்ணுவைப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிடலாம். அப்புறம் யாராவது செல்லசாமி நிற்கிற இரண்டாவது நெகட்டிவைத் தடவிப் பார்த்தால் எல்லாம் பொய்யாகிப் போகும்.

“இந்தத் தட்டுப் படத்துல ஒன்னும் வெக்கல மாத்தயா. இன்னொரு படத்துல ஒரே ஒரு எடத்துல வெச்சேன்” என்றார். “பென்சிலால பூச்சியச் சேக்க முடியாதுங்க, எடுக்கத்தான் முடியும். பென்சில் பட்ட எடம் படத்துல வெள்ளையாத்தான் வரும். கறுப்பு வேணும்னா கத்தியால சொரண்டணும். சொரண்டுனா காயம் தெரியும். நெகட்டிவ் கொண்டாந்திருக்கேன். ஜன்னலுக்குச் சாச்சுப் புடிச்சுப் பாருங்க.”

இரண்டு நெகட்டிவையும் கொடுத்தார், இரண்டாவது படத்தையும் கொடுத்தார். அதிகாரி ஜன்னலுக்குப் போய், வெளிச்சத்துக்கு ஒருச்சாய்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தட்டுப் படத்தில் ஒரு கீறல் இல்லை. இரண்டாவதில் அவர் விரல் ஓரிடத்தில் நின்றது.

“இங்க ஏதோ தேச்சிருக்கு.”

“அதுதாங்க நான் கை வெச்ச எடம். இந்த ஐயாவோட கன்னம். தழும்பு வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு.”

அதிகாரி படத்தைப் பார்த்தார், செல்லசாமியின் முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். யாரோ பின்னால் சிரித்து, சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்கள்.

“இது நீங்களா?”

செல்லசாமி அதுவரை அந்தப் படத்தைப் பார்க்கவில்லை; டச்சிங் முடியவில்லை என்று பக்கீர் நாள் கடத்தியிருந்தார். எழும்பி வந்து பார்த்தார். சுவரோரம் நிமிர்ந்து, பேப்பர் பிடித்து, மொழுமொழு கன்னத்தோடு ஒரு மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

“நாந்தாங்க மாத்தயா” என்றார்.

“எங்க எடுத்தது?”

“நம்ம தோட்டத்து லயத்துலதாங்க. இந்தப் பொம்பளையோட காம்பரா.”

“கையில இருக்கிற பேப்பர்?”

“அன்னைக்கிப் பேப்பருங்க.”

“முன்னால இருக்கிற தட்டு?”

செல்லசாமியின் விரல் படத்தில் கீழே இறங்கி வந்தது. நீலக்கரை, உடைந்த ஓரம். மேசையின் கோடியில் கிடந்த படத்திலும் அதே ஓரம். அதிலிருந்த வண்டுகளையும் கண்டார். விரலை இழுத்துக்கொண்டார். கோட்டுக்காரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“தோட்டத்துல குடுத்த அரிசியா, இல்லையா?”

“தோட்டத்து அரிசிதாங்க” என்றார் செல்லசாமி, தரையைப் பார்த்துக்கொண்டு.

அம்மாக்கண்ணு விசாரணை நடக்கிற இடம் என்றும் பார்க்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பக்கீருக்கும் கண் கலங்கியது. அவர் அதை மறைக்கவில்லை.

வேலையும் காம்பராவும் அவளுக்குத் திரும்பக் கிடைத்தன. செல்லசாமிக்கென்று போட்ட படம் ஒன்று ஸ்டூடியோவில் உறைக்குள் கிடந்தது. அதை வாங்க யாரும் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வீரய்யா டவுனுக்கு வந்தபோது ஸ்டூடியோவில் ஏறி, அரிசி நாள் நடந்ததைச் சொன்னார். செல்லசாமி வழக்கம்போல ஸ்டோர் வாசலில் நின்று பெயர் கூப்பிட்டிருக்கிறார். அம்மாக்கண்ணு தன் அரிசியைச் சொளகில் வாங்கிக்கொண்டு, போகாமல் ஸ்டோருக்குள்ளேயே உட்கார்ந்து, வாசலுக்குப் பக்கவாட்டாகத் திரும்பிச் சொளகைச் சாய்த்திருக்கிறாள். வாசலில் செல்லசாமி நின்றதால் உள்ளே இருட்டு. அவள் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, சும்மா சொளகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்களும் ஒவ்வொருத்தியாகச் சொளகோடு உட்கார்ந்தார்கள்.

“அப்பறம்?” என்றார் பக்கீர், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு.

“அப்பறம் என்ன” என்றார் வீரய்யா. “கணக்கப்புள்ள தானாவே வாசல விட்டுத் தள்ளி நின்னுக்கிட்டாரு.”